அடுத்த மாதம் என்று நான் சொன்னது

எனக்கு அந்த மில்லில் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், சின்ன வயதில் நான் இந்தி படித்தது. எங்கள் தெருவில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் சாயங்காலம் இந்தி வகுப்பு நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, காபியைக் குடித்துவிட்டு அங்கே போய்விடுவேன். வரிசையாக ஐந்து பரீட்சை எழுதிப் பாஸ் செய்தேன். எதற்காகப் படிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை தெருவைத் தாண்டிப் போகவில்லை என்பதே அப்பாவுக்குப் போதும். சங்கரன்கோவிலில் அந்த இந்தியைப் பேசிப் பார்க்க ஆள் கிடையாது. ஆடித்தபசுக்குப் பலூன் விற்க வருகிற வடக்கத்திக்காரர்களிடம் ஒன்றிரண்டு தடவை பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் எனக்கு அமையவில்லை. அப்பா போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் போனபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் அதற்கு முன்பே புது வீடு கட்டிக் குடிபோயிருந்தான். நான்கு அறை கொண்ட பழைய வீட்டில் நான் மட்டும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால்காரரிடம் இரண்டு வார்த்தை சொல்லி உள்ளே வந்தால் அன்றைக்கு உண்டான பேச்சு முடிந்துவிடும். ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டு அம்மாள் ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. இரண்டு முறை செருமிய பிறகுதான் வந்தது. அன்று சாயங்காலமே அண்ணன் கடைக்குப் போய், எனக்கு ஏதாவது வேலை பார்த்துக் கொடு என்று கேட்டேன்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் அண்ணனுக்குத் தெரிந்தவர் இருந்தார். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்களைக் கூட்டிவந்து மில்லுக்குள்ளேயே ஹாஸ்டலில் தங்க வைத்து வேலை வாங்கினார்கள். அவர்களிடம் பேச ஒரு பெண் வேண்டும். டைம் ஆபீசில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். வருகைப் பதிவும் கேட் பாஸும் என் பொறுப்பு. அதோடு, மேனேஜர் சொல்வதை இந்தியில் அந்தப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைத் தமிழில் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நான் பேசியதைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். என் இந்தி பாடப்புத்தக இந்தி. வேலைக்கு நேரத்தோடு வாருங்கள் என்று சொல்ல நான் பயன்படுத்திய சொற்களை அவர்கள் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. அவர்களுக்கும் இந்தி தாய்மொழி கிடையாது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது வேறு. காட்டோரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், சந்தையில் கேட்டு இந்தி கற்றவர்கள். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே நாளில் அவ்வளவு பேரோடு நான் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

உள்ளூர்ப் பெண்களும் மில்லில் இருந்தார்கள். வாசுதேவநல்லூர், ராயகிரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து மில் பஸ்ஸில் வந்து போவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் உட்காரும் விதத்தைப் பார்த்தாலே யார் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். மேலத்தெருக்காரர்கள் ஃபேனுக்குக் கீழே. காலனியிலிருந்து வருகிறவர்கள் சுவரோரம். அதற்கும் அப்பால், கைகழுவும் தொட்டியை ஒட்டி, வடக்கத்திப் பெண்கள். அவர்களை எல்லோரும் இந்திக்காரிகள் என்பார்கள். நிறத்தில் நம்மைவிடக் கறுப்பு, முகவெட்டு வேறு, கையில் பச்சை குத்தியிருக்கும், தலையில் கடுகெண்ணெய் வாசனை. "இவளுக வந்த பொறவுதான் நம்ம ஊருப் பிள்ளைகள வேலைக்கு எடுக்க மாட்டேங்காவ" என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அது இந்தியில் சொல்லப்படவில்லை என்றாலும் அந்தப் பெண்களுக்குப் புரிந்தது. நான் எங்கேயும் உட்காரவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன டிபன்பாக்ஸை ஆபீஸ் அறையில் தனியாகத் திறந்தேன். டீ குடிக்கவும் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுபோயிருந்தேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டு பெண்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

ஒருத்தி ஜார்க்கண்ட்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். நெற்றியில் சின்னதாகப் பச்சை குத்திய மூன்று கோடுகள். ஊரில் நாலு வயதுப் பெண் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். இந்தி மற்றவர்களைவிட நன்றாக வரும் என்பதால், எல்லோருக்காகவும் அவளே என் மேஜைக்கு வந்து நிற்பாள். என்னைத் தீதீ என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். என்னை அக்கா என்று கூப்பிட வேறு யாரும் இல்லாத காலம் அது.

இன்னொருத்தி காலனியிலிருந்து வருகிறவள். முப்பத்தைந்து வயது, புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள். வாய் கொஞ்சம் காரம். இந்திக்காரிகள் வந்ததைப் பற்றி அதிகம் குறை சொன்னதும் அவள்தான். ஆனால் இவள் மிஷினும் அந்த ஜார்க்கண்ட்காரியின் மிஷினும் பக்கத்துப் பக்கத்தில். நூல் அறுந்தால் ஓடி ஓடி ஒட்ட வேண்டிய வேலை. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவள் அவள் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அந்த இரைச்சலில் பேச முடியாது. கையைக் காட்டியே நடத்தினார்கள்.

ஹாஸ்டல் பெண்கள் வெளியே போகக் கூடாது என்பது மில் வழக்கம். மாதத்துக்கு ஒருமுறை வார்டனம்மா கூடப் போய்க் கடையில் சாமான் வாங்கலாம், அவ்வளவுதான். போன்களை வார்டனம்மா வாங்கி வைத்திருப்பாள். ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் கொடுப்பாள். ஜார்க்கண்ட்காரியும் இன்னும் சிலரும் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலில் சர்ச்சுக்குப் போய்வர அனுமதி வேண்டும் என்று அவள் என்னிடம் வந்து கேட்டாள். நான் போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"இன்னைக்கு சர்ச்சும்பா, நாளைக்கு சினிமாம்பா. நடக்காதுன்னு சொல்லிருங்க" என்றார் அவர்.

திரும்பி வந்தேன். அவள் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடக்காது என்பதற்கான இந்தி எனக்குத் தெரியும். அது வாயில் வரவில்லை. "அக்லே மஹீனே" என்றேன். அடுத்த மாதம்.

அவள் முகம் மலர்ந்தது. போய் மற்றவர்களிடம் சொன்னாள்.

அடுத்த மாதம் மறுபடி வந்தாள். மறுபடி அதையே சொன்னேன். மேனேஜரிடம் போகக்கூட இல்லை. இப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓட்டினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். முகத்தில் அடித்த மாதிரி ஒரு பதிலை நான் நடுவில் நின்று தாங்கிக்கொள்கிறேன், அவளுக்கு ஆசையாவது மிஞ்சட்டும் என்று. உண்மையில், அவள் என்னிடம் வருவது நின்றுபோகக் கூடாது என்பதும் அதில் இருந்தது. இதை எழுதும்போதுதான் அதை ஒத்துக்கொள்கிறேன்.

பத்தாவது மாதமோ பதினோராவது மாதமோ, அவள் வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள். "தீதீ, அடுத்த மாதம் என்பது சார் சொல்வதா, நீங்கள் சொல்வதா?"

நான் கேட் பாஸ் புத்தகத்தை எடுத்துத் திறந்தேன்.

"நாங்கள் ஒவ்வொரு மாதமும் நாளை எண்ணுகிறோம். சுவரில் கோடு போட்டு எண்ணுகிறோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இனிமேல் சார் என்ன சொல்கிறாரோ அதைச் சொல்லுங்கள். உங்களுடையதை அதில் போடாதீர்கள்."

சரி என்றேன். வாக்குக் கொடுத்த மாதிரிதான். அதன் பிறகு அவள் தேவைக்கு மட்டும் வந்தாள். தீதீ என்று கூப்பிடுவதும் குறைந்தது.

அது நடந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. அந்தப் பெண்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் பேசினான். ஜார்க்கண்ட்காரியின் அம்மா முந்தின நாள் செத்துப்போய்விட்டாள், குழந்தை பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றான். நான் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை லோடு போகணும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா, கூட வந்தவளுக எல்லாரும் ஊருக்குப் போறேன்னு நிப்பாளுக. எப்படியும் அடக்கம் முடிஞ்சிருக்கும். ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது?"

"சரி சார்" என்றேன்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் அவள் என் மேஜைக்கு வந்தாள். நூல் அறுத்து விரலில் ரத்தம். முதலுதவிப் பெட்டி என்னிடம்தான் இருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன். அவள் கை என் கைக்குள் இருந்தது. பஞ்சுத்தூசி படிந்த கை, சூடாக இருந்தது. எல்லாம் தெரிந்திருந்தும் அந்த விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். "வலிக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை. என் அம்மா போனபோது நான் அவள் பக்கத்தில் இருந்தேன். நான் கத்திய பத்தாவது நிமிஷம் தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. யாரோ என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்கள், யாரென்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த ஒரு நாள்தான் இந்த வீடு நிறைந்திருந்தது. இங்கே ஒருத்தி, அம்மா இருக்கிறாள் என்ற நினைப்பிலேயே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா இல்லை என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர், அதில் ஒருத்தி நான்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக மிஷின் ஓடுகிற கொட்டகைக்குள் போனேன். காதைப் பிளக்கும் இரைச்சல். அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். எனக்குத் தெரிந்த மரியாதையான சொல் சுவர்க்வாஸ். பாடப்புத்தகத்தில் பெரியவர்கள் இறந்தால் அப்படித்தான் போட்டிருக்கும். அவளுக்குப் புரியவில்லை. புருவத்தைச் சுருக்கி, என்ன என்று கேட்டாள். இன்னொரு தடவை கத்தினேன். அப்போதும் புரியவில்லை. பாதி சிரிப்போடு என்னைப் பார்த்தாள், என் இந்தி வழக்கம்போலத்தான் என்கிற மாதிரி.

"மா மர் கயீ" என்றேன். அம்மா செத்துப்போனாள்.

சிரிப்பு முகத்திலேயே நின்றது. எப்போது என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். "கல்" என்றேன். இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் அந்த ஒரே சொல்தான். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தன் விரலில் நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து கத்தினாள்.

அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மிஷின் இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிட்டது. திறந்த வாயும் கழுத்து நரம்பும்தான் தெரிந்தன. பக்கத்து மிஷினிலிருந்து காலனிக்காரி அதைப் பார்த்தாள். என்னிடம் ஓடிவந்து, "என்ன மேடம், என்னாச்சு அவளுக்கு?" என்று கத்திக் கேட்டாள். அவ அம்மா செத்துப்போச்சு என்றேன். அவள் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் போய்த் தன் மிஷினை நிறுத்தினாள். அனுமதி இல்லாமல் மிஷினை நிறுத்துவது அங்கே பெரிய குற்றம். ஜார்க்கண்ட்காரியின் மிஷினையும் அவளே நிறுத்தினாள். பிறகு கீழே பஞ்சுத்தூசியில் உட்கார்ந்துவிட்டவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்தாள்.

வரிசையாக மிஷின்கள் நின்றன. காலனிப் பெண்கள் முதலில் வந்தார்கள், பிறகு வடக்கத்திப் பெண்கள், பிறகு ஃபேனுக்குக் கீழே உட்காருகிறவர்கள். கடைசி மிஷின் நின்றபோதுதான் அவள் அழுகை எங்கள் காதில் விழுந்தது. அவள் தன் சொந்த மொழியில் அழுதாள். எனக்கும் அது தெரியாது. காலனிக்காரி தமிழில் அவளோடு சேர்ந்து அழுதாள். "ஒன்னப் பெத்தவ போயிட்டாளே, கடேசியா மொகத்தக்கூடப் பாக்கலையே மக்கா" என்று நீட்டி நீட்டி அழுதாள். துஷ்டி வீட்டில் செய்வதுபோல மற்றப் பெண்கள் தோளோடு தோள் கோத்து அவர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேலத்தெருவில் ஒரு வயசான பெண் இருந்தாள், காலனிப் பெண்கள் நிழல் படுவதற்கே முகம் சுளிக்கிறவள். அவள் கை காலனிக்காரியின் கழுத்தில் கிடந்தது. அன்றைக்கு அதை அவள் கவனித்திருக்கவும் மாட்டாள். அங்கே மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. நான் அந்த வட்டத்துக்கு வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் ஓடிவந்தார். முதலில் சமாதானமாகப் பேசினார், பிறகு சத்தம் போட்டார்.

"அவள ஊருக்கு அனுப்புங்க. அவ மில் கேட்டத் தாண்டுன பொறவுதான் நாங்க மிஷின்ல கை வைப்போம்" என்றாள் காலனிக்காரி.

"சனிக்கிழமைக்கு அப்புறம் நாங்களே அனுப்புறோம்."

"தாய் செத்ததுக்குப் போவ சனிக்கிழமையா பாக்கணும்? ஒங்க வீட்டுல இப்படித்தான் செய்வியளா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இந்திக்காரிகள்ட்ட சொல்லுங்க. இப்பவே வேலைக்குப் போகலைன்னா எல்லாரையும் மொத்தமா திருப்பி அனுப்பிருவேன்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் அவர் சொன்னதைச் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்: செய்தி நேற்றே வந்தது, சனிக்கிழமை வரை சொல்லக் கூடாது என்றார்கள், நானும் சரி என்றேன். இந்தியில் சொல்லி முடித்துவிட்டு, அதையே தமிழிலும் சொன்னேன். மேனேஜர் முகம் சிவந்தது.

காலனிக்காரி எழுந்து என் முன்னால் வந்தாள். அதுவரை என்னை மேடம் என்றும் நீங்கள் என்றும்தான் சொல்லியிருக்கிறாள். "நேத்தே தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சா வச்சிக்கிட்டு இருந்த?" என்றாள். "நீயும் ஒரு பொம்பளதானா?"

நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மத்தியானம் வரைக்கும் ஒரு மிஷினும் ஓடவில்லை. இரண்டு மணிக்கு மேல் கேட்டைத் திறந்தார்கள். சாயங்காலம் மெட்ராஸ் போகும் ரயில் இருந்தது. அங்கே இறங்கி ஊர்ப் பக்கம் போகிற வண்டியில் ஏற வேண்டும். அவளோடு அதே ஊர்ப் பெண் ஒருத்தியும் போனாள். காலனிக்காரியும் இன்னும் நாலைந்து உள்ளூர்ப் பெண்களும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுக்கவும் எங்கே மாற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும் நானும் போனேன். மேலத்தெருப் பெண் ஒருத்தி கடையில் ஓடிப் போய்ப் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்து பையில் திணித்தாள். காலனிக்காரி தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். ரயில் வந்தது. நான் எழுதிய காகிதத்தை நீட்டினேன். ஜார்க்கண்ட்காரி வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவள் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஜன்னலில் உட்கார்ந்து காலனிக்காரியின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள், வண்டி நகரும் வரைக்கும்.

பிறகு அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முந்தின வாரம் நடந்ததற்கு எல்லாம் காலனிக்காரிதான் காரணம், அவள் தூண்டிவிட்டாள் என்று ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும் என்றார். "நீங்க நல்ல குடும்பம். அவளுக்காக நீங்க ஏன் பேரைக் கெடுத்துக்கணும்?" என்றார். காகிதத்தை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். போன் வந்த நேரம், அவர் சொன்னது, நான் சரி என்றது, மறுநாள் காலை நானே போய்ச் சொன்னது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில், உங்கள் வேலைக்கு இனி ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலனிக்காரியை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் காகிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. மிஷின் மறுபடி நின்றுவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

மறுபடி பழைய வீடு, பால்காரர், நான்கு அறை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனிக்காரி இன்னும் மூன்று பெண்களோடு என் வீட்டு வாசலில் நின்றாள். "ஒரு மனு எழுதணும்க்கா. நீங்க எழுதுனா நல்லாருக்கும்" என்றாள். மேடம் போய் அக்கா வந்திருந்தது. ஹாஸ்டல் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வழி வேண்டும், போன் அவரவர் கையில் இருக்க வேண்டும் என்று தொழிலாளர் ஆபீசுக்கு மனு. கேட்பது வடக்கத்திப் பெண்களுக்காக. கேட்கிறவர்கள் உள்ளூர்ப் பெண்கள்.

"ஒங்களுக்கு இதுல என்ன இருக்கு? நீங்கதான் தெனமும் வீட்டுக்குப் போறியளே?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு அவ அழுதத கேட்டதுலேர்ந்து தூக்கம் வரல" என்றாள். பிறகு, "அவளுக பூட்டுக்குள்ள கெடக்கவரைக்கும் நம்மளையும் அப்படித்தான நெனைப்பான்" என்றாள்.

வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வாங்க என்றேன். தயங்கினார்கள். கையைப் பிடித்து இழுத்தேன். என் நினைவில் காலனியிலிருந்து யாரும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எழுதினோம். எல்லோருக்கும் டீ போட்டேன். வீட்டில் இருக்கிற டம்ளர்களில்தான் கொடுத்தேன், நானும் அதிலேயே குடித்தேன். அந்த மனுவில் கையெழுத்து வாங்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆனது. திரும்பிக் கொண்டுவந்து காட்டினார்கள். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெயர்கள், நடுநடுவே கைநாட்டுகள். மேலத்தெருப் பெண்கள் பெயருக்குக் கீழேயே காலனிப் பெண்கள் பெயர் இருந்தது. ஆறேழு மாதம் அலைந்தார்கள். ஒரு அதிகாரி வந்து பார்த்தார், போனார். இன்னொரு முறை வந்தார். கடைசியில் ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கேட் திறந்தது. போனும் கைக்கு வந்தது.

அண்ணன் வீட்டுக்கு வந்தான், உட்காரவில்லை. "யார் யாரையெல்லாமோ வீட்டுக்குள்ள விடுதியாமே? கடைக்கு வாரவனெல்லாம் கேக்கான். எனக்கும் பொண்ணு இருக்கு, நாளைக்கு நல்லது கெட்டது நடக்க வேண்டாமா?" என்றான். நான் மனுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்காமலேயே செருப்பை மாட்டினான். அவன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு வாரம் என் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. உள்ளூர்ப் பெண்களும் வடக்கத்திப் பெண்களும் வருவார்கள். இவர்களுக்கு இந்தியும் அவர்களுக்குத் தமிழும் சொல்லிக் கொடுக்க என்னைக் கேட்டிருந்தார்கள். கரும்பலகைகூட வாங்கினேன். ஆனால் நான் ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் அவர்கள் பத்துச் சொல்லைத் தங்களுக்குள்ளே மாற்றிக்கொண்டார்கள். என் இலக்கணத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. பிறகு சர்ச்சுக்கும் கடைக்கும் ஒன்றாகவே போக ஆரம்பித்தார்கள். காலனியில் ஒரு சடங்கு வீட்டுக்கு ஒடிசாப் பெண்கள் போய்ச் சோறு பரிமாறினார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்கு வருவது ஒவ்வொருவராகக் குறைந்து நின்றது. அதில் யார் மேலும் எனக்குக் குறை இல்லை.

காலனிக்காரி எப்போதாவது வருவாள். ஜார்க்கண்ட்காரி வீடியோ காலில் அவளோடு பேசுகிறாளாம். குழந்தை பள்ளிக்கூடம் போகிறதாம். இனி ஊரைவிட்டு வருவதாக இல்லை என்றாளாம். எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "என்னமோ பேசுதோம்க்கா, புரியுது" என்றாள்.

"என்னப் பத்தி ஏதும் கேட்டாளா?"

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "இல்லக்கா, கேக்கல."

போன ஞாயிற்றுக்கிழமை பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பூக்கடைக்குப் பக்கத்தில் நாலு வடக்கத்திப் பெண்கள், கூட ஒரு உள்ளூர்ப் பெண். புதிதாக வந்தவர்கள், எனக்கு யாரையும் தெரியாது. "அண்ணாச்சி, கொஞ்சம் சேத்துக் குடுங்க" என்று அதில் ஒருத்தி பூக்காரரிடம் கேட்டாள். அவரும் ஒரு சாண் கூடுதலாக வெட்டிக் கொடுத்தார். அவள் திரும்பும்போது என்மேல் லேசாக இடித்துவிட்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள். பிறகு, "செருப்புக் கடை எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு இந்தி வாய்வரை வந்தது. அவள் தமிழில் பதிலை எதிர்பார்த்து நின்றாள். நேரே போய் இடதுபக்கம் திரும்பும்மா என்று கையைக் காட்டினேன். அவள் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். நான் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.